இரண்டு கண்டங்களுக்கு நடுவே ஒரு பாலைவனம்

(பெங்களூர் வளர்கல்வி மையம் ஒன்றில் தொண்டர் ஒருவர் ஆற்றிய உரை)

 

இன்று நாம் ஒரு பாலைவனத்தைப் பற்றித் தெரிந்துகொள்வோம். அதன் பெயர் சினாய். அது நமக்கு வெகு தூரத்தில் இருக்கிறது. அங்கே நம்மில் யாரும் போனதில்லை. "போகாத ஊருக்கு வழி எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் அந்த ஊருக்கும் நமக்கும் தொடர்பு உண்டு. ஒன்றல்ல, பல தொடர்புகள் உண்டு. நீங்கள் தைக்கும் சட்டை அதன் வழியாகப் போகிறது. நம் பெங்களூரின் குதிரைப்படை வீரர்கள் அங்கே நடந்திருக்கிறார்கள். நாம் இங்கே கற்றுக்கொள்ளும் எழுத்து இருக்கிறதே, அந்த எழுத்தின் கதையிலும் சினாய்க்கு ஓர் இடம் உண்டு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சினாய் எங்கே இருக்கிறது?

சுவரில் மாட்டியிருக்கும் உலகப் படத்தைப் பாருங்கள். இதோ இந்தியா. இதற்கு மேற்கே அரபிக் கடல். கடலைத் தாண்டினால் அரபு நாடுகள். சவுதி, துபாய் எல்லாம் இங்கேதான். இதுவரை உள்ளது ஆசியா கண்டம். இன்னும் மேற்கே போனால் செங்கடல். செங்கடலுக்கு அந்தப் பக்கம் ஆப்பிரிக்கா கண்டம்.

இப்போது செங்கடலின் வடக்கு முனையைக் கவனியுங்கள். கடல் இரண்டு விரல்களைப் போலப் பிரிகிறது. மேற்கு விரலுக்கு சூயஸ் வளைகுடா என்று பெயர். கிழக்கு விரலுக்கு அக்காபா வளைகுடா என்று பெயர். இரண்டு விரல்களுக்கும் நடுவில் முக்கோணமாக ஒரு நிலம் தெரிகிறதா? அதுதான் சினாய். அதன் வடக்கே மத்தியதரைக் கடல் இருக்கிறது.

மூன்று பக்கமும் நீர் சூழ்ந்த நிலத்தைத் தீபகற்பம் என்கிறோம். நம் தென்னிந்தியாவும் தீபகற்பம்தான். கன்னியாகுமரியில் நின்றால் மூன்று பக்கமும் கடல் தெரியும் அல்லவா? சினாயின் தெற்கு முனையும் அப்படித்தான். அந்த முனைக்கு ராஸ் முகம்மது என்று பெயர்.

சினாய் எகிப்து நாட்டைச் சேர்ந்தது. எகிப்தின் பெரும்பகுதி ஆப்பிரிக்காவில் இருக்கிறது. சினாய் மட்டும் ஆசியாவில் இருக்கிறது. அதாவது, சினாய் இரண்டு கண்டங்களுக்கும் நடுவே ஒரு வாசற்படி.

அதன் பரப்பு சுமார் 60,000 சதுர கிலோமீட்டர். கர்நாடகத்தின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. அங்கே வாழும் மக்கள் ஏறக்குறைய 6 லட்சம் பேர். நம் பெங்களூரில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் மக்கள் இருக்கிறோம். அவ்வளவு பெரிய நிலத்தில் ஏன் அவ்வளவு குறைந்த மக்கள்? தண்ணீர் இல்லை. அதுதான் காரணம்.

மணலும் மலையும்

பாலைவனம் என்றதும் நமக்கு மணல்மேடுகள்தான் நினைவுக்கு வரும். சினாயின் வடக்குப் பகுதி அப்படித்தான் இருக்கிறது. நடுப்பகுதி சுண்ணாம்புக் கல் நிறைந்த மேட்டு நிலம். தெற்கே போனால் மலைகள். செந்நிறமான, மரமில்லாத, மொட்டைப் பாறை மலைகள். அவற்றில் மிக உயரமானது கேத்தரின் மலை. அது ஏறக்குறைய நம் நீலகிரியின் தொட்டபெட்டா அளவு உயரம். குளிர்காலத்தில் சில நாட்கள் அதன் உச்சியில் பனி கூடப் பெய்யும்.

பெங்களூரில் ஆண்டுக்கு 900 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. சினாயின் பெரும்பாலான இடங்களில் 100 மில்லிமீட்டர் கூடப் பெய்வதில்லை. நமக்கு ஒரு நல்ல மழை நாளில் பெய்வது அவர்களுக்கு ஓர் ஆண்டு மழை.

அங்கே எப்போதும் ஓடும் ஆறு கிடையாது. காய்ந்த ஓடைகள் உண்டு. அவற்றை 'வாதி' என்கிறார்கள். எல் அரீஷ் வாதி அவற்றில் பெரியது. மழை பெய்தால் அந்த ஓடைகளில் திடீரென்று வெள்ளம் வரும். பாறை நீரை உறிஞ்சாது. எங்கோ மலையில் பெய்த மழை, வெயிலடிக்கும் இடத்தில் ஆளை அடித்துக்கொண்டு போய்விடும். ஆகவே வானம் கறுத்தால் அங்குள்ள மக்கள் ஓடைக்குள் தங்கமாட்டார்கள்.

அந்த மக்களுக்கு பதூயின்கள் என்று பெயர். ஆடு, ஒட்டகம் வளர்ப்பவர்கள். முன்பு ஆட்டு மயிரால் நெய்த கூடாரங்களில் வாழ்ந்தார்கள். தண்ணீரும் புல்லும் இருக்கும் இடம் தேடிப் போவார்கள். இப்போது பலர் ஊர்களில் வீடு கட்டி வாழ்கிறார்கள். கிணறு இருக்கும் இடங்களில் பேரீச்சை மரங்கள் வளரும். விருந்தாளி வந்தால் மூன்று நாட்கள் வரை உணவும் இடமும் தருவது அவர்களுடைய மரபு. ஏன் அப்படி ஒரு மரபு? பாலைவனத்தில் தண்ணீர் மறுத்தால் ஆள் பிழைக்க மாட்டான். இன்று கொடுப்பவன் நாளை கேட்கும் நிலைக்கு வரலாம்.

கரைக்கு அருகே கடலுக்குள் வேறோர் உலகம் இருக்கிறது. ராஸ் முகம்மது கடலில் வண்ண வண்ணப் பவளப் பாறைகளும் மீன்களும் நிறைந்திருக்கின்றன. 1983-ல் எகிப்து அரசு அதைத் தேசியப் பூங்காவாக அறிவித்தது. பக்கத்தில் உள்ள ஷார்ம் எல் ஷேக் என்ற ஊரில்தான் 2022-ல் ஐ.நா. பருவநிலை மாநாடு நடந்தது.

மூன்று மதத்தாருக்கும் உரிய மலை

நம் மையத்தில் இந்துக்கள் இருக்கிறோம். முஸ்லிம்கள் இருக்கிறோம். கிறிஸ்தவர்கள் இருக்கிறோம். சினாய் என்ற பெயரைக் கேட்டதும் உங்களில் சிலர் தலையசைத்தீர்கள். வேதாகமத்தில் வரும் சீனாய் மலை அங்கே இருப்பதாக நம்புகிறார்கள். மோசே பத்துக் கட்டளைகளைப் பெற்ற மலை அது. முஸ்லிம்கள் அவரை மூஸா நபி என்று போற்றுகிறார்கள். யூதர்களுக்கும் அது புனிதமான மலை. அரபியில் ஜபல் மூஸா என்பார்கள். 'மூஸாவின் மலை' என்று பொருள்.

அந்த மலையின் அடிவாரத்தில் புனித கேத்தரின் மடம் இருக்கிறது. ஆறாம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் என்ற பேரரசர் அதைக் கட்டினார். ஏறக்குறைய 1,450 ஆண்டுகளாகத் துறவிகள் அங்கே வாழ்ந்து வருகிறார்கள். மடத்தின் மதிலுக்குள் ஒரு சிறிய பள்ளிவாசலும் இருக்கிறது. மலையைச் சுற்றி வாழும் முஸ்லிம் பதூயின்கள் தலைமுறை தலைமுறையாக மடத்தின் வேலைகளுக்கு உதவுகிறார்கள்.

அந்த மடத்தில் உலகின் மிகப் பழமையான நூலகங்களில் ஒன்று இருக்கிறது. மூவாயிரத்துக்கும் அதிகமான கையெழுத்துச் சுவடிகள் அதில் உள்ளன. பாலைவனத்தின் வறண்ட காற்று அந்தத் தோல் ஏடுகளைக் கெடாமல் காத்தது. 1975-ல் மடத்தின் ஒரு பழைய அறையிலிருந்து இன்னும் பல ஏடுகள் கிடைத்தன. யுனெஸ்கோ 2002-ல் அந்த இடத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

சுரங்கத் தொழிலாளர்கள் தந்த எழுத்து

இனி நான் சொல்லப் போவதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். இது நமக்காகவே உள்ள செய்தி.

சினாயின் தென்மேற்கு மலைகளில் செராபித் அல் காதிம் என்ற இடம் இருக்கிறது. அங்கே நீலமும் பச்சையும் கலந்த ஒரு கல் கிடைக்கும். உருது பேசுபவர்கள் அதை ஃபிரோசா என்பார்கள். மோதிரத்தில் பதிப்பார்கள். எகிப்து அரசர்கள் நான்காயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கே சுரங்கம் வெட்டினார்கள். அந்த வேலைக்கு ஆசியப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள்.

எகிப்தியரிடம் அப்போதே எழுத்து இருந்தது. அது பட எழுத்து. பறவை, கை, கண், பாம்பு என்று நூற்றுக்கணக்கான படங்கள். அதைப் படிக்கப் பல ஆண்டுகள் வேண்டும். அரண்மனை எழுத்தர்களும் கோயில் பூசாரிகளும்தான் அதைக் கற்றார்கள். கல் உடைப்பவனுக்கு அது எட்டாது.

1905-ல் பெட்ரி என்ற ஆங்கிலேய ஆய்வாளர் அந்தச் சுரங்கங்களுக்குப் போனார். அங்கே பாறைகளிலும் சிறு சிலைகளிலும் வேறு விதமான எழுத்துகளைக் கண்டார். பார்க்க எகிப்தியப் படங்களைப் போல இருந்தன. ஆனால் கோணல் மாணலாக இருந்தன. முப்பதுக்கும் குறைவான வடிவங்கள்தான் திரும்பத் திரும்ப வந்தன. 1916-ல் கார்டினர் என்ற அறிஞர் அதில் ஒரு சொல்லைப் படித்தார். 'பாலத்' என்பது அந்தச் சொல். 'தலைவி' என்று பொருள். சுரங்கத்தின் அருகே இருந்த கோயில் அம்மனை அவர்கள் அப்படி அழைத்திருக்கிறார்கள்.

அந்த எழுத்துகள் ஏறக்குறைய 3,500 முதல் 3,800 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. அவற்றில் ஒரு புதுமை இருந்தது. ஒரு படம் ஒரு பொருளைக் குறிக்கவில்லை. ஓர் ஒலியைக் குறித்தது.

எப்படி என்று பாருங்கள். அவர்கள் மொழியில் மாட்டுக்கு 'அலெஃப்' என்று பெயர். மாட்டுத் தலையை வரைந்தார்கள். அது அந்தச் சொல்லின் முதல் ஒலிக்கு எழுத்தானது. தண்ணீருக்கு 'மேம்' என்று பெயர். அலையைப் போல ஒரு கோடு போட்டார்கள். அது 'ம்' ஆனது. வீட்டுக்கு 'பேத்' என்று பெயர். வீட்டை வரைந்தார்கள். அது 'ப்' ஆனது. "அம்மாவுக்கு அ, ஆட்டுக்கு ஆ" என்று நாம் முதல் பாடத்தில் சொன்னோமே, அதே வழிதான்!

இந்த எழுத்து ஊர் ஊராகப் போனது. மாறிக்கொண்டே போனது. அதிலிருந்து கிரேக்க எழுத்து வந்தது. பிறகு ஆங்கிலம் எழுதும் எழுத்து வந்தது. இன்னொரு வழியில் அரபி எழுத்தும் உருது எழுத்தும் வந்தன. ஆங்கிலத்தின் முதல் எழுத்தான 'ஏ'யைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். இரண்டு கொம்புள்ள மாட்டுத் தலை தெரியும். உருதுவின் முதல் எழுத்தை இன்றும் 'அலிஃப்' என்றே சொல்கிறார்கள். சிவாஜி நகர்க் கடைப் பலகைகளில் ஆங்கிலமும் உருதுவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இரண்டும் ஒரே பாட்டியின் பேத்திகள்.

நம் தமிழின் பழைய எழுத்துக்குத் தமிழ் பிராமி அல்லது தமிழி என்று பெயர். அது எங்கே தோன்றியது என்பதில் அறிஞர்களிடையே ஒரே கருத்து இல்லை. ஆனால் ஒலிக்கு ஓர் எழுத்து என்ற முறை அதிலும் உண்டு. 247 எழுத்து என்றதும் நீங்கள் எல்லோரும் பயந்தீர்கள். பிறகு 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் என்று தெரிந்ததும் பயம் போனது. குறைந்த எழுத்துகளைக் கொண்டு எல்லாச் சொற்களையும் எழுதலாம் என்பதுதான் அந்தத் தைரியம்.

இந்த முறையைக் கண்டுபிடித்தவர்கள் யார்? எகிப்தின் பட எழுத்தைப் படிக்கத் தெரியாத சாதாரண மனிதர்கள்தான் என்று ஆய்வாளர் சிலர் கருதுகிறார்கள். சுரங்கத்தில் வேலை செய்தவர்கள், அவர்களோடு வந்தவர்கள். வேறு சிலர், எழுத்தர்களும் உதவியிருக்கலாம் என்கிறார்கள். எகிப்தின் வேறோர் இடத்திலும் இப்படிப்பட்ட பழைய எழுத்துகள் கிடைத்துள்ளன. எப்படியானாலும் ஒன்று உறுதி. கல் உடைக்கும் இடத்தில், பாறையின் மேல், உழைக்கும் மக்களின் நடுவே அந்த எழுத்துகள் நிற்கின்றன. "எழுத்து பெரிய மனிதர்களின் சொத்து. நமக்கு எதற்கு?" என்று இனி யாராவது சொன்னால் சினாய் மலையை நினைத்துக்கொள்ளுங்கள்.

சட்டை போகும் வழி

உங்களில் பல அக்காமார்கள் கார்மெண்ட்ஸில் வேலை செய்கிறீர்கள். பீனியாவில், ஓசூர் ரோட்டில், மைசூர் ரோட்டில் தைக்கும் சட்டைகள் ஐரோப்பாவுக்கும் போகின்றன. எப்படிப் போகின்றன? பெட்டியில் அடைத்துத் துறைமுகத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கிருந்து கப்பலில் ஏற்றுகிறார்கள். கப்பல் அரபிக் கடலைத் தாண்டிச் செங்கடலுக்குள் நுழைகிறது. செங்கடலின் முடிவில் சினாய் குறுக்கே நிற்கிறது. அங்கே கப்பல் எப்படிப் போகும்?

அதற்குத்தான் சூயஸ் கால்வாய். சினாய்க்கும் எகிப்தின் மற்றப் பகுதிக்கும் நடுவே மண்ணை வெட்டி அதை அமைத்தார்கள். லெசெப்ஸ் என்ற பிரெஞ்சுக்காரரின் நிறுவனம் 1859-ல் வேலையைத் தொடங்கியது. 1869 நவம்பர் 17 அன்று கால்வாய் திறக்கப்பட்டது. அதைத் தோண்டியவர்கள் எகிப்தின் ஏழை உழவர்கள். முதல் சில ஆண்டுகள் அவர்களைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்கினார்கள். வெயிலிலும் நோயிலும் ஏராளமானோர் இறந்தார்கள். பிறகுதான் இயந்திரங்கள் வந்தன.

இப்போது கால்வாயின் நீளம் 193 கிலோமீட்டர். இரண்டு பக்கக் கடல் மட்டமும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் அதில் மதகுகள் இல்லை. அது இல்லாவிட்டால் கப்பல்கள் ஆப்பிரிக்கா முழுவதையும் சுற்றிப் போக வேண்டும். மும்பையிலிருந்து லண்டனுக்கு 7,000 கிலோமீட்டருக்கு மேல் கூடுதலாகப் போக வேண்டும். 1888-ல் காந்தியடிகள் படிப்பதற்காக லண்டனுக்குப் போனார். அவர் கப்பலும் இந்தக் கால்வாய் வழியாகத்தான் போனது.

வழி அடைபட்டால் என்ன ஆகும்? 2021 மார்ச் 23 அன்று 'எவர் கிவன்' என்ற கப்பல் கால்வாயின் குறுக்கே மாட்டிக்கொண்டது. அதன் நீளம் 400 மீட்டர். ஆறு நாட்கள் கால்வாய் அடைபட்டது. நானூறு கப்பல்கள் வரிசையில் காத்து நின்றன. அந்தக் கப்பலில் வேலை செய்த 25 பேரும் இந்தியர்கள். அவர்களில் யாருக்கும் ஆபத்தில்லை. ஆனால் நட்ட ஈடு பற்றிய பேச்சு முடியும் வரை கப்பல் அங்கேயே நின்றது. ஜூலை மாதம்தான் புறப்பட்டது.

2023-ன் இறுதியில் வேறொரு தொல்லை வந்தது. ஏமன் நாட்டின் ஹவுதி படையினர் செங்கடலில் கப்பல்களைத் தாக்கினார்கள். பல கப்பல் நிறுவனங்கள் சூயஸ் வழியை விட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. பயணம் ஏறக்குறைய பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரை நீண்டது. கப்பல் கூலி ஏறியது. கூலி ஏறினால் பொருளின் விலை ஏறும். சரக்கு தாமதமானால் அடுத்த ஆர்டரும் தாமதமாகும். அதனால் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கும் செங்கடல் தூரத்துக் கடல் அல்ல.

பெங்களூரின் குதிரை வீரர்கள்

ஜெ.சி. நகர்ப் பக்கம் போகிறவர்கள் அங்கே ஒரு நினைவுத் தூணைப் பார்த்திருப்பீர்கள். அது மைசூர் லான்சர்ஸ் என்ற குதிரைப்படையின் நினைவுத் தூண்.

1914-ல் முதல் உலகப் போர் தொடங்கியது. அப்போது மைசூர் மகாராஜாவின் குதிரைப்படை எகிப்துக்குப் போனது. ஐதராபாத், பிகானீர் முதலிய சமஸ்தானங்களின் படைகளும் போயின. பிகானீர்ப் படை ஒட்டகப் படை. சூயஸ் கால்வாயைக் காப்பது அவர்கள் வேலை. 1915 பிப்ரவரியில் துருக்கிப் படை சினாய்ப் பாலைவனத்தைக் கடந்து வந்து கால்வாயைத் தாக்கியது. இந்திய வீரர்களும் மற்றவர்களும் அதைத் தடுத்தார்கள்.

பிறகு பிரிட்டிஷ் படை சினாயைக் கடந்து கிழக்கே போனது. மணலில் ரயில் பாதை போட்டார்கள். நைல் நதியின் தண்ணீரைக் குழாய் வழியாகக் கொண்டுபோனார்கள். ஆளும் குதிரையும் தண்ணீரின்றி ஓர் அடி நகர முடியாதே! அந்த வழியில்தான் மைசூர் வீரர்களும் போனார்கள். 1918 செப்டம்பர் 23 அன்று ஹைஃபா நகரை ஜோத்பூர், மைசூர் குதிரைப்படைகள் கைப்பற்றின. ஈட்டியும் குதிரையும் கொண்டு துப்பாக்கிகளை எதிர்த்தார்கள். டெல்லியில் உள்ள தீன் மூர்த்தி சிலைகளும் இந்தச் சமஸ்தானப் படைகளின் நினைவுதான்.

அது நம் போர் அல்ல. வெள்ளைக்கார ஆட்சி நடத்திய போர். ஆனாலும் உயிரைக் கொடுத்தவர்கள் நம் ஊர்க்காரர்கள். இப்போது உங்களுக்குப் படிக்கத் தெரியும். அந்தப் பக்கம் போனால் தூணின் அருகே சற்று நின்றுவிட்டு வாருங்கள்.

போரால் போன நிலம், பேச்சால் வந்த நிலம்

வாசற்படியில் இருப்பவனுக்கு நிம்மதி குறைவு. போகிறவனும் மிதிப்பான், வருகிறவனும் மிதிப்பான். சினாய்க்கு அதுதான் நேர்ந்தது.

1956 ஜூலை 26 அன்று எகிப்தின் தலைவர் நாசர், "கால்வாய் இனி எகிப்துக்குச் சொந்தம்" என்று அறிவித்தார். அது அதுவரை வெளிநாட்டு நிறுவனத்தின் கையில் இருந்தது. அந்த ஆண்டே இஸ்ரேல், பிரிட்டன், பிரான்ஸ் மூன்றும் எகிப்தைத் தாக்கின. உலக நாடுகள் எதிர்த்ததால் அவை பின்வாங்கின. மீண்டும் சண்டை வராமல் காக்க ஐ.நா. அமைதிப்படை வந்தது. அதில் இந்திய வீரர்களும் இருந்தார்கள். 1956 முதல் 1967 வரை காசாவிலும் சினாய் எல்லையிலும் அவர்கள் காவல் காத்தார்கள்.

1967 ஜூன் மாதம் மறுபடியும் போர் மூண்டது. காசாவில் இந்திய அமைதிப்படை வீரர்கள் பலர் உயிரிழந்தார்கள். ஆறே நாளில் இஸ்ரேல் சினாய் முழுவதையும் பிடித்துக்கொண்டது. கால்வாய் மூடப்பட்டது. எட்டு ஆண்டுகள் அது திறக்கவில்லை. கால்வாயின் நடுவில் உள்ள ஏரியில் பல நாடுகளின் 14 கப்பல்கள் அகப்பட்டுக்கொண்டன. பாலைவன மணல் படிந்து அவை மஞ்சள் நிறமாயின. ஆனால் அந்த மாலுமிகள் ஒன்று செய்தார்கள். நாட்டுப் பகையை மறந்து ஒரு சங்கம் அமைத்தார்கள். ஒன்றாக விளையாடினார்கள். தாங்களே தபால்தலை கூடச் செய்தார்கள். 1975-ல்தான் கால்வாய் திறந்தது.

1973-ல் இன்னொரு போர் நடந்தது. இரு பக்கமும் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். நிலம் முழுவதும் திரும்பவில்லை.

பிறகு எகிப்தின் தலைவர் சதாத் ஒரு முடிவெடுத்தார். 1977 நவம்பரில் அவரே ஜெருசலேம் போனார். பகைவன் வீட்டு வாசலில் போய் நின்றதைப் போன்றது அது. 1978 செப்டம்பரில் அமெரிக்காவின் கேம்ப் டேவிட் என்ற இடத்தில் பேச்சு நடந்தது. சதாத்தும் இஸ்ரேல் பிரதமர் பெகினும் அமெரிக்கத் தலைவர் கார்ட்டரும் 13 நாட்கள் பேசினார்கள். 1979 மார்ச் 26 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. 1982 ஏப்ரல் 25 அன்று இஸ்ரேல் படை சினாயை விட்டு வெளியேறியது. தாபா என்ற சிறு துண்டு நிலம் மட்டும் தகராறில் நின்றது. அதற்கும் குண்டு போடவில்லை. நடுவர் மன்றத்துக்குப் போனார்கள். 1989-ல் அதுவும் எகிப்துக்குத் திரும்பியது.

இதற்கு விலையும் இருந்தது. ஒப்பந்தத்தைப் பிடிக்காதவர்கள் 1981-ல் சதாத்தைச் சுட்டுக் கொன்றார்கள். சினாயின் துன்பமும் முழுவதும் தீர்ந்துவிடவில்லை. 2011-க்குப் பிறகு வடக்கு சினாயில் ஆயுதக் குழுக்கள் தலையெடுத்தன. 2017 நவம்பரில் ஒரு பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்த 300-க்கும் அதிகமானோரைக் கொன்றார்கள். இடையில் அகப்பட்டுத் துன்பப்பட்டவர்கள் அங்குள்ள ஏழை மக்கள்தான்.

ஆனாலும் இதை மறக்கக் கூடாது. போரில் போன நிலத்தின் பெரும்பகுதி, கடைசித் துண்டு உட்பட, பேச்சிலும் எழுத்திலும்தான் திரும்பி வந்தது.

இது நமக்குப் புரியாத விஷயமா? 1991 டிசம்பரில் காவிரித் தண்ணீர் பற்றிய கலவரத்தில் பெங்களூர்த் தமிழர்கள் பட்ட பாடு இங்குள்ள மூத்தவர்களுக்குத் தெரியும். வீடு எரிந்தது. கடை எரிந்தது. அதனால் எந்த ஊருக்கும் ஒரு குடம் தண்ணீர் கூடுதலாக வந்ததா? இல்லை. யாருக்கு எவ்வளவு தண்ணீர் என்பதை நடுவர் மன்றமும், 2018-ல் உச்ச நீதிமன்றமும்தான் எழுதித் தீர்த்தன. இன்றும் நாம் கன்னடக்காரர் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறோம். அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு நாம் போகிறோம். நம் வீட்டுக்கு அவர்கள் வருகிறார்கள்.

கால்வாயின் மேல் இப்போது ஓர் உயரமான பாலம் இருக்கிறது. 2001-ல் திறந்தார்கள். கப்பல்கள் அதன் அடியில் போகின்றன. வண்டிகள் மேலே போகின்றன. ஆப்பிரிக்காவிலிருந்து ஆசியாவுக்கு சில நிமிடங்களில் வந்துவிடலாம். அந்தப் பாலத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'அல் சலாம்'. நம் முஸ்லிம் சகோதரர்கள் தினமும் சொல்லும் சொல்தான். 'அமைதி' என்று பொருள்.



பேசிப் பார்ப்போம்

1. சினாயின் மூன்று பக்கங்களிலும் உள்ள நீர்ப்பகுதிகள் எவை? படத்தில் காட்டுங்கள்.
2. சினாயில் மக்கள் குறைவாக வாழ்வது ஏன்?
3. சுரங்கத் தொழிலாளர்களின் எழுத்து, எகிப்தியரின் பட எழுத்திலிருந்து எப்படி வேறுபட்டது?
4. சூயஸ் கால்வாய் அடைபட்டால் பெங்களூரில் வேலை செய்பவரை அது எப்படிப் பாதிக்கும்?
5. உங்கள் தெருவில் பேசித் தீர்த்த ஒரு தகராறைப் பற்றிப் பத்து வரி எழுதுங்கள்.

புதிய சொற்கள்

தீபகற்பம் - மூன்று பக்கமும் நீர் சூழ்ந்த நிலம்
வளைகுடா - நிலத்துக்குள் நீண்டு புகுந்த கடல்
வாதி - மழை பெய்தால் மட்டும் நீர் ஓடும் பாலைவன ஓடை
சுவடி - கையால் எழுதிய பழைய ஏடு
சமஸ்தானம் - மன்னர் ஆண்ட பகுதி
நடுவர் மன்றம் - இரு தரப்புக்கும் பொதுவாக இருந்து தீர்ப்புச் சொல்லும் அமைப்பு